காந்த ஊசி எட்டாத தூரத்தில்

சட்டக் காந்தத்தின் மேல் தாளை வைத்து, இரும்புத்தூளைத் தூவி, மெல்லத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். தூள் வளைகோடுகளாக அணிவகுத்து, காந்தப்புலத்தின் படம் கிடைத்துவிடுகிறது. விண்மீனின் மேல் இரும்புத்தூளைத் தூவுவது யார்? ஆயினும் அதன் காந்தப்புலத்துக்கும் வானியலார் படம் வரைகிறார்கள். எப்படி என்று பார்ப்போம்.

1896ஆம் ஆண்டு ஹாலந்தின் லெய்டன் நகரில் பீட்டர் சீமன் என்ற இயற்பியலார், வலிய மின்காந்தத்தின் முனைகளுக்கு நடுவே சோடியம் சுடரை வைத்து அதன் நிறமாலையை ஆராய்ந்தார். மின்னோட்டத்தைச் செலுத்தியதும் மஞ்சள் கோடுகள் அகன்றன. ஒவ்வொரு கோடும் நெருக்கமான பல கோடுகளாகப் பிரிவதே இதற்குக் காரணம். இதுவே சீமன் விளைவு. புலம் வலுத்தால் பிரிவும் கூடும். புலம் நம்மை நோக்கியிருந்தால், பிரிந்த கோடுகளில் ஒருபுறத்து ஒளி வலஞ்சுழியாகவும் மறுபுறத்து ஒளி இடஞ்சுழியாகவும் அதிரும். புலம் எதிர்த்திசையில் இருந்தால் இவை இடம் மாறும். ஆகவே, ஒளியைக் கொண்டே புலத்தின் வலிமையையும் திசையையும் அறியலாம்.

பிரிவு எவ்வளவு சிறியது தெரியுமா? 1,000 காஸ் புலத்தில் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 4 லட்சத்தில் ஒரு பங்கே மாறும். பூமியின் புலமோ சுமார் அரை காஸ்தான்! 1908இல் ஹேல் என்ற அமெரிக்க வானியலார் சூரியப் புள்ளிகளில் ஏறக்குறைய 3,000 காஸ் புலம் இருப்பதைக் கண்டார். 1947இல் ஹோரஸ் பாப்காக், கன்னி ராசியிலுள்ள 78 வர்ஜினிஸ் என்ற விண்மீனின் காந்தப்புலத்தை அறிவித்தார்.

இங்கே ஒரு சிக்கல். சூரியனைப் பகுதி பகுதியாகப் பார்க்கலாம். விண்மீனோ வெறும் புள்ளி. அதன் ஒரு பாதியில் வடமுனைத் திட்டும், மறுபாதியில் அதே அளவு தென்முனைத் திட்டும் இருந்தால், +5ம் –5ம் சேர்ந்து பூஜ்யம் ஆவதுபோல இரண்டின் அடையாளமும் அழிந்துபோகும்.

இதற்கு வழியை 1989இல் பிரான்சின் மெயிர் செமெல் காட்டினார். விண்மீன் சுழல்கிறது அல்லவா? ஒரு விளிம்பு நம்மை நெருங்குகிறது. மறு விளிம்பு விலகுகிறது. நெருங்கும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பதுபோல, நெருங்கும் பகுதியின் ஒளி நீலப் பக்கமும் விலகும் பகுதியின் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்கிறது. இரண்டு திட்டுகளின் அடையாளங்களும் வெவ்வேறு இடத்தில் விழுவதால் அழிவதில்லை.

ஒரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் ஒரு புள்ளியும், உச்சிக்கு அருகே ஒரு புள்ளியும் இட்டுப் பம்பரம்போல் மெல்லச் சுழற்றுங்கள். நடுப்புள்ளி விரைவாக நெருங்கி, விரைவாக விலகும். உச்சிப்புள்ளியின் வேகம் குறைவு. ஆகவே, அடையாளம் நிறமாலைக் கோட்டில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது திட்டின் அட்சரேகையைச் சொல்லும். எப்போது நடுவைக் கடக்கிறது என்பது தீர்க்கரேகையைச் சொல்லும். ஆயிரக்கணக்கான கோடுகளை ஒன்றுகூட்டி, பல இரவுகள் அளந்து, கணிப்பொறியின் துணையோடு படம் வரைகிறார்கள்.

சுவாதி இருக்கும் பூட்டிஸ் மண்டலத்தில் டௌ பூட்டிஸ் என்றொரு விண்மீன் உண்டு. 2006க்கும் 2007க்கும் இடையே அதன் வட, தென் காந்த முனைகள் இடம் மாறிவிட்டதை இத்தகைய படங்கள் காட்டின. நம் சூரியனில் இம்மாற்றம் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கிறது.

இதனால் நமக்கென்ன? 1989 மார்ச் 13இல் சூரியனால் எழுந்த காந்தப் புயல், கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேரை 9 மணி நேரம் இருளில் ஆழ்த்தியது. சூரியனின் போக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சூரியன் போதாது. அதன் உறவினரையும் ஆராய வேண்டும்.

ஆனால், இப்படத்தில் பேராறுகள் தெரியும், வாய்க்கால்கள் தெரியா. அருகருகே உள்ள சிறு திட்டுகள் இன்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இறுதியாக ஒரு கேள்வி: சுழலும் அச்சு நேராக நம்மை நோக்கியுள்ள விண்மீனுக்கு இம்முறை உதவுமா? பந்தைக் கையில் எடுத்து, நீங்களே விடை காணுங்கள்.