குழந்தையின் உறக்கமும் சுவாசமும்

சங்கங்களின் கணக்கேடுகளைப் பார்வையிட ஊர்தோறும் செல்லுங்கால், ஏடுகளில் காணாத செய்திகள் பலவும் கண்ணிற் படுவதுண்டு. சென்ற கோடையில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நெசவாளர் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் தறிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தறிக்குழியின் அருகே பாயில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உறங்கிக்கொண்டிருந்தான். தலை பின்னே சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, குறட்டை தறியொலியையும் மீறிக் கேட்டது.

"விழித்திருந்தால் ஓரிடத்தில் இரான், ஐயா. படிப்பும் ஏறவில்லை. தூக்கம் ஒன்றுதான் நல்ல தூக்கம்" என்றார் தந்தையார். அவர் சொல்லி முடிக்குமுன் குறட்டை நின்றது. மார்பு ஏறி இறங்கியது. ஆனால் மூச்சின் ஒலி இல்லை. சில நொடிகள் சென்றபின் சிறுவன் திணறிப் பெருமூச்சு வாங்கிப் புரண்டு படுத்தான்.

அது நல்ல தூக்கமன்று. உறக்கத்தில் மூச்சுக்காகக் குழந்தை நடத்தும் போராட்டம் அது. இதனை அறிந்துகொள்ளும் வழியை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூக்கின் தொழில்

மூக்கு காற்று நுழையும் வாயில் மட்டுமன்று. தூசியை வடிகட்டி, ஈரமும் வெதுவெதுப்பும் ஊட்டிய பின்னரே காற்றை அது நுரையீரலுக்கு அனுப்புகின்றது. கஞ்சியிட்டுப் பதப்படுத்தாத பாவு தறியில் அறுந்துபோவதை நெசவாளர் அறிவர். அதுபோலவே, வாய் வழியே பதப்படாமற் செல்லும் காற்று தொண்டையை உலர்த்தி வருத்தும்.

மூக்கின் பின்புறத்தில் 'அடினாய்டு' என்னும் மென்சதையும், தொண்டையின் இருமருங்கிலும் 'டான்ஸில்' சதைகளும் உள்ளன. அடினாய்டு மூக்கை அடைத்து வருத்துவதை டென்மார்க்கு நாட்டு மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். நோய்க்கிருமிகளை எதிர்க்க உதவும் இச்சதைகள் 2 வயது முதல் 8 வயது வரையில் பெரிதாக இருந்து, பின்னர்ச் சுருங்கும். காற்றுக்குழல் குறுகலாக இருக்கும் பருவமும் அதுவே. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது, குறுகிய வழி மேலும் அடைபடுகின்றது.

ஒவ்வாமையால் மூக்கினுட் தோல் வீங்குவதும், மூக்குத் தண்டின் வளைவும், அளவிற்கு மிஞ்சிய உடற்பருமனும் பிற காரணங்களாம். நெசவாளர் இல்லத்தில் பஞ்சுத் தூசியும், விவசாயி இல்லத்தில் நிலக்கடலைப் புழுதியும், எல்லா இல்லத்திலும் விறகுப் புகையும் பீடிப் புகையும் மூக்கடைப்பை மிகுவிக்கும்.

அறிகுறிகள்

சளிப் பிடித்த நாட்களில் எந்தக் குழந்தையும் வாயால் மூச்சுவிடும். அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. சளியற்ற நாட்களிலும் பின்வருவன தொடர்ந்தால் கவனித்தல் வேண்டும்:

1. வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் குறட்டை.
2. மூச்சு நின்று, பின் திணறலுடன் மீளுதல்.
3. கழுத்தைப் பின்னே வளைத்து உறங்குதல். மிகுந்த புரளலும் வியர்வையும்.
4. படுக்கையை நனைக்காதிருந்த குழந்தை மீண்டும் நனைத்தல்.
5. காலையில் தலைவலி, உலர்ந்த வாய்.
6. பகலில் கவனமின்மை, எரிச்சல், ஓயாத துடுக்குத்தனம், வயதிற்கேற்ற வளர்ச்சியின்மை.

உறக்கம் கெட்ட பெரியவர் பகலில் சோர்ந்து விழுவர். குழந்தையோ பெரும்பாலும் சோர்வதற்கு மாறாகத் துள்ளித் திரியும். ஆதலின் நோய் குறும்பெனத் தோன்றுகின்றது. அடினாய்டு பருத்தால் நடுச்செவியில் நீர் தங்கிக் கேட்கும் ஆற்றல் குறைவதும் உண்டு. சொன்ன பேச்சைக் கேளாதவன் என்று கடியப்படும் சிறுவனுக்கு உண்மையிலேயே செவி கேளாதிருக்கலாம்.

இல்லத்திற் செய்யும் சோதனை

குழந்தை அயர்ந்து உறங்கிய பின் அரைமணி நேரம் அருகிலிருந்து பாருங்கள். விடியற்காலையில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். மூச்சு நின்று மீள்வதைக் கைபேசியிற் பதிவுசெய்தால் மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். பகலில், வாயை மூடியிருக்கச் செய்து, மெல்லிய பஞ்சிழையை ஒவ்வொரு மூக்குத் துளையின் கீழும் பிடியுங்கள். இழை அசையாத பக்கம் அடைபட்டிருத்தல் கூடும். ஒரு துளையில் மட்டும் நாற்றமுள்ள சளி வழிந்தால், புளியங்கொட்டை போன்ற பொருள் உள்ளே சிக்கியிருக்கலாம். அதனை நீங்களே எடுக்க முயலாதீர்கள்.

சிகிச்சை

நூறு குழந்தைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இவ்வடைப்பு நோய்க்கு ஆளாகின்றனர் என்பது மருத்துவர் கணிப்பு. அனைவருக்கும் ரண சிகிச்சை வேண்டும் என்பதில்லை. 5 முதல் 9 வயது வரையுள்ள 464 குழந்தைகளை ஆராய்ந்து அமெரிக்காவில் 2013-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு இதனை உணர்த்தும். ஏழு மாதங்களில், ரண சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 79 பேருக்கும், மருத்துவர் கண்காணிப்பில் காத்திருந்தோருள் நூற்றுக்கு 46 பேருக்கும் உறக்கச் சுவாசம் சீராயிற்று. நடத்தையிலும் வாழ்க்கை நலத்திலும் முன்னவரே மிகுந்த முன்னேற்றம் கண்டனர். எவருக்கு எது தகும் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். ஒவ்வாமையால் வந்த அடைப்பு மூக்கிலடிக்கும் மருந்தினாலேயே தணிவதுண்டு.

செய்யத்தகாதவையும் சில உள. கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை அறவே விடுக. எண்ணெய் நுரையீரலிற் புகுந்து நோயை உண்டாக்கும். உறங்கும் குழந்தையின் வாயை ஒட்டுத்தாளால் மூடுதல் பேராபத்து. மருத்துவர் சொல்லாமல் மூக்கடைப்புச் சொட்டு மருந்தைப் பல நாள் இடுதலும், படுக்கையை நனைத்ததற்காக அடித்தலும் ஆகா.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காணலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவினரிடமும் குறட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். கேட்டாலன்றி அவர்களுக்கு அது தெரிய வழியில்லை. உதடு நீலம் பாய்ந்தாலோ, விழித்திருக்கும்போதும் மூச்சுத் திணறினாலோ, காலங்கடத்தாது 108-ஐ அழையுங்கள்.

அச்சிறுவனை மருத்துவரிடம் காட்டினர். அடினாய்டு பருத்திருந்ததாக அறிந்து, ரண சிகிச்சையும் செய்தனர். மறுமுறை நான் சென்றபோது அவன் வாய்மூடி, ஓசையின்றி உறங்கினான். "முதற் சில நாள் வீடு இவ்வளவு அமைதியாக இருப்பது கண்டு பயந்து, அருகே சென்று மூச்சு வருகிறதா என்று பார்த்தோம், ஐயா" என்றார் தாயார். படிப்பில் முதல்வனாகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் காலையில் தானே எழுகின்றானாம். படுக்கை நனைவதும் நின்றுவிட்டதாம்.

வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கை செய்கின்றோம். பிள்ளையின் உறக்கத்தை ஓர் இரவேனும் அருகிருந்து பார்ப்போமாக.