சாடி உரோசாவிற் கரும்புள்ளி நோய்

வெண்காயத்திற்கும் மிளகாய்க்கும் தெளித்து மீந்த பூச்சிமருந்தை முற்றத்து உரோசாவிற்கு அடித்துவிடும் வழக்கம் கமக்காரர் சிலரிடம் உண்டு. பூச்சிமருந்து பங்கசைக் கொல்லாது. அப்பூவைச் சூடுவோருக்கும் சாடியருகே விளையாடும் பிள்ளைகளுக்குமே அதனாற் கேடு.

கரும்புள்ளி நோய் மாரியில் மிகும். இலையின் மேற்புறத்தில் ஓரம் சிதைந்த கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சள் படரும். கீழிலைகள் முதலில் உதிரும். பின்னர் கொம்பு மொட்டையாகும். இப்பங்கசின் வித்தி முளைத்து இலையுட் புகுவதற்கு, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து ஈரமாயிருத்தல் வேண்டும். மாலையில் வாளியால் தலைமேல் ஊற்றினால் அந்த ஈரத்தை நாமே கொடுத்தவராவோம். ஆகையாற் காலையில், தூரில் மட்டும் நீர் விடுக. அடைமழையிற் சாடியைக் காற்றும் வெளிச்சமும் உள்ள தாழ்வார ஓரத்திற்கு நகர்த்துக. வயற்பயிருக்கு இவ்வசதி இல்லை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக, எருக்கும்பியில் இடலாகாது.

இலை மஞ்சளாவதெல்லாம் பங்கசன்று. எமது கிணற்றுநீர் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுவது. அதனையே நெடுங்காலம் ஊற்றிய சாடிமண்ணிற் காரத்தன்மை ஏறி, இரும்புச்சத்து வேருக்கு எட்டாமற் போகும். அப்போது இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும், புள்ளி இராது. இதற்கு மருந்து தெளிப்பது வீண்செலவு. மண்ணை மாற்றி, மக்கிய எரு இட்டு, இயன்றபோது மழைநீர் பிடித்து ஊற்றுக.

புள்ளி கண்ட செடிக்குப் போடோக் கலவை ஏற்றது. பிரான்சிலே வழிப்போக்கர் திராட்சைக்குலைகளைப் பறியாதிருக்கத் தெருவோரக் கொடிகளுக்குத் துருசும் சுண்ணாம்பும் தெளித்தனர். அக்கொடிகள் நோய்க்குத் தப்பியதைக் கண்ட மிலார்தே என்னும் பேராசிரியர் 1885 இல் இக்கலவையை வெளியிட்டார். வயலுக்குரிய நூற்றுக்கொரு பங்கு வலிமை உரோசாத் தளிரைக் கருக்கக்கூடும். அதிற் பாதி போதும். துருசு 10 கிராமை 1 லீற்றர் நீரிலும், நீறாத சுண்ணாம்பு 10 கிராமை நீற்றி மற்றொரு லீற்றரிலும் கரைக்க. மட்பாண்டமோ பிளாஸ்ரிக் வாளியோ கொள்க; இரும்பு ஆகாது. துருசுநீரைச் சுண்ணாம்புநீரில் ஊற்றிக் கலக்கி வடிக்க. துலக்கிய கத்தியைச் சிறிது நேரம் அமிழ்த்துப் பார்க்குமிடத்துச் செம்பு படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க. அன்றே தெளித்து முடிக்க வேண்டும். இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். பழுதான இலையை இது மீட்காது, நல்ல இலையைக் காக்கும். எனவே பெருமழை கழுவிய பின் மீண்டும் தெளிக்க.

தை, மாசிப் பனியில் தளிர்மேல் வெண்தூள் படிவது வேறு நோய். அதற்கு நனையும் கந்தகத்தூளை உறையிற் குறித்த அளவிற் கரைத்து, இளங்காலையில் தெளிக்க. உச்சி வெயிலிற் கந்தகம் இலையை எரிக்கும்.