ஊரைச் சொல்லாமல் வானிலை பார்க்கலாம்

நாளை மழை வருமா என்று பார்க்க ஒரு வானிலை அப்ளிகேஷனைத் திறந்தால், முதலில் அது கேட்பது நாம் இருக்கும் இடத்தைத்தான். நாமும் யோசிக்காமல் ஓகே தட்டிவிடுகிறோம். இந்த இட விவரத்தை விளம்பரங்களுக்குப் பயன்படுத்துவதைப் பயனாளர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என வெதர் சேனல் அப்ளிகேஷன் மீது 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர அரசு வழக்கறிஞர் வழக்கே தொடர்ந்தார். 2020ல் அது சமரசத்தில் முடிந்தது.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. முன்பெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் பேப்பரை வாங்கி வந்து வீட்டில் நம்பர் தேடுவோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரருக்கு நம் நம்பர் தெரியாது. அதுபோல மாநிலம் முழுமைக்குமான கணிப்பை வாங்கி, நம் ஊரை நம் கம்ப்யூட்டரிலேயே தேடிக்கொள்ளலாம்.

அமெரிக்க அரசின் நோவா அமைப்பு, ஜி.எஃப்.எஸ். என்ற உலகளாவிய கணிப்பைத் தினமும் நான்கு முறை தயாரித்து இலவசமாகத் தருகிறது. கிரிப் என்ற வகை பைல்களில் இது கிடைக்கிறது. இவற்றைத் திறந்து வரைபடமாகக் காட்ட எக்ஸ்ஒய்கிரிப் என்ற இலவச புரோகிராமை முதலில் இன்ஸ்டால் செய்திடுங்கள்.

அடுத்து நோவாவின் நோமட்ஸ் தளத்தில், 0.25 டிகிரி ஜி.எஃப்.எஸ். வரிசையில் உள்ள கிரிப் பில்டரைக் கிளிக் செய்திடவும். தேதியையும் 00 என்ற நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். இது கிரீன்விச் நேரம்; நமக்குக் காலை 5.30 மணி. கணக்கிட்டு முடிக்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால் பத்து மணிக்கு மேல் முயற்சிக்கவும். பைல் பெயரின் முடிவில் 024 என்றிருந்தால் 24 மணி நேரம் கழித்து உள்ள நிலை, அதாவது மறுநாள் காலை. தரையிலிருந்து 2 மீட்டர் உயர வெப்பநிலையை டிக் செய்து, தீர்க்கரேகை 76 முதல் 81, அட்சரேகை 8 முதல் 14 எனக் கொடுங்கள். தமிழ்நாடு முழுவதும் இதில் அடங்கிவிடும். பைலும் மிகச் சிறியதுதான். டவுண்லோட் ஆனதும் எக்ஸ்ஒய்கிரிப்பில் திறந்து, கர்சரை உங்கள் ஊர் மீது நகர்த்திப் பாருங்கள். இதற்கு இன்டர்நெட் தேவையில்லை. பழகியபின் மழையையும் காற்றையும் சேர்த்து வாங்கலாம்.

உங்கள் ஐ.பி. முகவரி அந்த சர்வருக்குத் தெரியும். நீங்கள் பார்த்தது திருச்சியா தென்காசியா என்பது தெரியாது. இன்னொன்று, இதன் புள்ளிகள் சுமார் 28 கி.மீ. இடைவெளியில் உள்ளவை. உங்கள் தெருவில் மட்டும் கொட்டும் மாலை நேர இடிமழை இதில் சிக்காது. புயல் நேரத்தில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையே பின்பற்றவும்.

தினமும் கையால் டவுண்லோட் செய்வது சலித்துவிட்டால், ஓபன் மீட்டியோ என்ற ஓப்பன் சோர்ஸ் தொகுப்பை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சர்வராக நிறுவி, அதுவே டேட்டாவை எடுத்துவரச் செய்யலாம். அதற்கு லினக்ஸ் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.