மலைச்சரிவைப் படம்பிடிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

கல்வராயன் மலையில் எரிமலை ஏது என்று கேட்கிறீர்கள். கிடையாதுதான். இங்கே இருப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய சார்னோகைட் பாறையும் அதன் மேல் மண்ணும். ஆனால் மலையின் விலா எப்படிப் பெயர்கிறது என்பதைப் படத்தில் வாசிக்க நமக்குக் கற்றுக்கொடுத்தது எரிமலைதான். அதனால் அந்தக் கதையும் நடுவே வரும்.

1. சரிந்த பிறகு ஊரே படம் எடுக்கும். சரிவதற்கு முந்தைய படம் யாரிடமும் இருக்காது. நீங்கள் எடுக்க வேண்டியது அதைத்தான். 2024 ஜூலை 30-ல் வயநாட்டு மலை சரிந்தபோது, தேசியத் தொலையுணர்வு மையம் 2023 மே 22-ல் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோள் எடுத்த படத்தைச் சரிவுக்குப் பிந்தைய படத்தோடு ஒப்பிட்டது. சரிந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். அதே இடத்தில் பழைய சரிவு ஒன்றின் தடமும் இருந்தது. நமக்கு ஐப்பசியில் மழை பிடிக்கும். புரட்டாசியிலேயே முதல் சுற்றை முடித்துவிடுங்கள்.

2. வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஒரு பாலத்துக் கைப்பிடிச்சுவரோ மைல்கல்லோ பார்த்து, அதுதான் உங்கள் இடம் என்று முடிவு செய்யுங்கள். எப்போதும் அங்கேயே நில்லுங்கள். அதே போன், அதே நேரம், ஜூம் வேண்டாம். நேரம் மாறினால் நிழல் மாறும். நிழலை வெடிப்பு என்று நினைத்துப் பதறுவீர்கள்.

3. நேரம் பதிவாக வேண்டும். 1980 மே 18, காலை 8.32. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் வடக்கு விலா அப்படியே கழன்று இறங்கியது. சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டிருந்த கேரி ரோசன்குவிஸ்ட் அடுத்தடுத்துப் படம் எடுத்துத் தள்ளினார். முதலில் ஒரு பாளம் நழுவியது, அதன் பின்னால் இன்னொன்று, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் வெடித்தது. இந்த வரிசை உலகத்துக்குத் தெரிந்ததில் அந்தப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பிலிம் சுருளில் நேரம் இல்லை. எந்தப் படம் எந்த நொடி என்று பாரி வாய்ட் போன்ற ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் போட வேண்டியிருந்தது. உங்கள் போன் அதைச் சும்மாவே எழுதி வைக்கிறது. நீங்கள்தான் வாட்சாப்பில் சாதாரணப் படமாக அனுப்பி அழித்துவிடுகிறீர்கள். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

4. படத்தின் சட்டகத்துக்குள் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்கட்டும். மின்கம்பம் போதும்.

5. அருவியையும் பனிமூட்டத்தையும் இன்னொரு நாள் எடுக்கலாம். பிறை வடிவ வெடிப்பு, சாய்ந்த மரம், வயிறு தள்ளிய தடுப்புச்சுவர், நேற்று இல்லாத ஊற்று, இவற்றைத் தேடுங்கள். செயின்ட் ஹெலன்ஸின் விலா வெடிப்பதற்கு முன் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று பிதுங்கிக்கொண்டிருந்தது. நம் மலை அப்படிப் பிதுங்காது. சார்னோகைட் உருண்டை உருண்டையாகச் சிதைந்து மண்ணுக்குள் கிடக்கும். பெருமழையில் மண் கரைந்தால் உருண்டை கிளம்பும். 2024 டிசம்பர் 1-ல், ஃபெஞ்சல் புயல் மழையில், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் வ.உ.சி. நகர் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் இறங்கி ஏழு பேர் போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள்.

6. நிலையான இடத்துப் படம் போக, ஒரே சரிவை நடந்துகொண்டே பல கோணத்தில், ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்ததிலும் வருமாறு எடுத்தால், கணினி முப்பரிமாண உரு கட்டித்தரும். இரண்டு பருவத்து உருக்களைக் கழித்தால் எவ்வளவு மண் போனது என்று தெரியும். டிரோன் ஆசை இருந்தால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள், இது காப்புக்காடு.

7. சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள், எதிர்க்கரைக்குப் போங்கள். செயின்ட் ஹெலன்ஸில் ரோசன்குவிஸ்ட் தப்பினார், சுமார் 13 கிலோமீட்டரில் இருந்த புகைப்படக்காரர் ரீட் பிளாக்பர்ன் தப்பவில்லை. கொட்டும் மழையில் எடுக்கும் படம் எனக்கு வேண்டாம்.

8. போன மாதப் படத்தில் விரல் நுழையாத வெடிப்பு இந்த மாதம் கை நுழையும் அளவுக்கு இருந்தால், ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் போடுங்கள். கீழே வீடு இருந்தால் அதற்கும் முன்னால் அங்கே போய்ச் சொல்லுங்கள்.