கொலுப்படியில் இருக்கும் 3 வோல்ட்



இந்த வார எபிசோட்ல சாவி, பை, சூட்கேஸ் தேடிக் கொடுக்கிற குட்டி டிராக்கர்கள் பற்றிப் பேசினோம். நடுவுல அதுக்குள்ள இருக்கிற பேட்டரி பற்றி ரெண்டு நிமிஷம் வந்து போச்சு. இந்த மடல் முழுக்க அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றித்தான். நம்ம பொயிண்ட் குக் பக்கம் நவராத்திரிக்கு வீட்டுக்கு வீடு கொலு வைக்கிறோம், தீபாவளி, கார்த்திகைன்னு விளக்கு வரிசை தொடரும். நிஜ விளக்கு வச்சா தீ எச்சரிக்கை மணி அலறும், கார்ப்பெட் கெடும்னு பாதிப் பேர் எல்இடி விளக்குக்கு மாறிட்டோம். அந்தக் குட்டி விளக்கைக் கவிழ்த்துப் பாருங்க. பலதுல அடியில இருக்கிறது சிஆர் 2032. கொலுவோட முதல் படி எந்த உயரம்? தவழுற குழந்தைக்குக் கைக்கு எட்டுற உயரம்.

அந்த எண்ணைப் படிக்கக் கத்துக்கிட்டா மீதி எளிது. சிஆர்-னா வட்டமான லித்தியம் பேட்டரி. முதல் 20 என்பது விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த 32 என்பது தடிமன், 3.2 மில்லிமீட்டர். ஆக, சிஆர் 2025-னா அதே அகலம், கொஞ்சம் மெலிசு. எல்ஆர் 44-னு இருந்தா அது ஆல்கலைன் வகை, 11.6 மில்லிமீட்டர் அகலம், 1.5 வோல்ட். லித்தியம் வகைக்கு 3 வோல்ட். நம்ம ஊர் 5 சென்ட் நாணயத்தோட விட்டம் 19.41 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அதே அளவு, அதே பளபளப்பு. ஆனா காசை முழுங்கினதும் இதை முழுங்கினதும் ஒண்ணு இல்ல.

ஏன்? "பேட்டரிக்குள்ள இருக்கிற விஷம் கசிஞ்சிடும்"னுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. பெரும்பாலான காயங்களுக்குக் காரணம் கசிவே இல்ல, மின்சாரம். 20 மில்லிமீட்டர் வில்லை சின்னக் குழந்தையோட உணவுக்குழாய்ல, வயிறுவரை போகாமலே, நின்னுடலாம். அங்கே ஈரமான சதை ரெண்டு பக்கத்தையும் ஒட்டிப் பிடிக்குது. பிளஸ்ஸும் மைனஸும் அந்த ஈரம் வழியா இணைஞ்சதும் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். எட்டாம் வகுப்புல தண்ணீரை மின்னாற்பகுத்தது ஞாபகம் இருக்கா? அதே வேதியியல்தான். மைனஸ் பக்கத்துல ஹைட்ராக்சைடு உருவாகும். சிங்க் அடைப்பு எடுக்க ஊத்துற காஸ்டிக் சோடா வகைக் காரம் அது. குழந்தையோட தொண்டைக்குள்ளேயே அது உற்பத்தியாகிட்டு இருக்கும். 2 மணி நேரத்துல கடுமையான காயம் ஏற்படலாம்.

இதுல ஒரு பொறி இருக்கு. விளக்கு எரியல, "பேட்டரி செத்துப்போச்சு"ன்னு எடுத்து டிராயர்ல போடுறோம். விளக்குக்குப் போதாத வோல்டேஜ் வேற, தண்ணீரைப் பிரிக்கத் தேவையான வோல்டேஜ் வேற. தண்ணீரைப் பிரிக்கக் கொள்கையளவுல 1.23 வோல்ட் போதும். 3 வோல்ட்ல ஆரம்பிச்ச லித்தியம் பேட்டரி 2 வோல்ட்டுக்கு இறங்கினா சாதனம் நின்னுடும், ஆனா சதையைச் சுட அது தாராளம். அதனால "தீர்ந்துபோன" பேட்டரிங்கிற பேச்சே குழந்தை இருக்கிற வீட்டுல வேண்டாம்.

இன்னொண்ணு, பேட்டரியை எடுத்துட்டதும் கதை முடியறதில்ல. காரம் பட்ட இடம் தொடர்ந்து அரிச்சுக்கிட்டே போகலாம். உணவுக்குழாய்க்குப் பக்கத்துலதான் மகாதமனி ஓடுது. நாட்கள், சில சமயம் வாரங்கள் கழிச்சுக்கூட அங்கே ஓட்டை விழுந்து ரத்தம் கொட்டிய சம்பவங்கள் மருத்துவப் பதிவுகள்ல இருக்கு.

ஆஸ்திரேலியாவுல 3 குழந்தைகள் இப்படி இறந்திருக்காங்க. 2013-இல் குயின்ஸ்லாந்துல 4 வயதுச் சிறுமி. 2015-இல் நம்ம விக்டோரியாவுலேயே 14 மாதக் குழந்தை. 2020-இல் கோல்ட் கோஸ்ட்ல 3 வயதுச் சிறுமி. பேட்டரி விழுங்கியிருக்கலாம்ங்கிற சந்தேகத்தோட நாடு முழுக்க வாரத்துக்குச் சுமார் 20 குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு வர்றாங்கன்னு ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம், அதாவது ஏசிசிசி, மதிப்பிட்டது. இந்தக் குடும்பங்கள் விடாம குரல் கொடுத்ததுல 2020 டிசம்பர்ல சட்டம் வந்தது. 2022 ஜூன் 22 முதல் கட்டாயம். உலகத்துலேயே முதல் நாடு நாமதான்னு ஏசிசிசி சொல்லுது. அமெரிக்காவுல இதே நோக்கத்தோட ரீஸ் பெயர்ல சட்டம் கையெழுத்தானது அதே 2022-இல், ஆகஸ்ட் மாசம்.

சட்டம் என்ன கேட்குது? பேட்டரி அறை சும்மா விரலால திறக்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் மாதிரி கருவி வேணும், இல்லாட்டி ஒரே நேரத்துல ரெண்டு வேற வேற அசைவு வேணும். பேட்டரி விற்கிற அட்டை குழந்தை பிய்க்க முடியாததா இருக்கணும். எச்சரிக்கை வாசகம் அச்சடிச்சிருக்கணும். 2021-இல் ஏர்டேக் வெளிவந்த கையோட ஆஃபீஸ்வொர்க்ஸ் அதை அலமாரியிலிருந்து எடுத்தது இந்தக் கவலையாலதான். அமுக்கித் திருப்பினா மூடி வந்துடும், கருவி தேவையில்ல.

டிராக்கர் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு பின்குறிப்பு. குழந்தை வாயில வச்சா துப்பணும்னு சில நிறுவனங்கள் பேட்டரி மேல கசப்புப் பூச்சு பூசுறாங்க. நல்ல யோசனை. ஆனா அந்தப் பூச்சு எந்த இடத்துல இருக்குங்கிறதைப் பொறுத்து ஏர்டேக்ல அந்தப் பேட்டரி வேலை செய்யாமப் போகலாம்னு ஆப்பிளே எழுதியிருக்கு. "புது பேட்டரி போட்டும் ஓடல"ன்னு எழுதிக் கேட்ட நேயர்களுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அதுக்காகக் கசப்பு இல்லாததைத் தேடிப் போகணுமான்னா, வீட்டுல 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா நான் டிராக்கரையே எட்டாத இடத்துக்கு மாத்துவேன்.

சூட்கேஸ்ல வந்த பொருள்

சட்டம் கடையைக் கட்டுப்படுத்தும். நம்ம சூட்கேஸைக் கட்டுப்படுத்தாது. ஊர்லிருந்து அப்பா அம்மா வரும்போது ரங்கநாதன் தெருவுல வாங்கின விளக்கு மாலை, அமுக்கினா மினுங்குற மோதிரம், லைட் எரியுற பம்பரம், பாட்டுப் பாடுற பிறந்தநாள் கார்டு எல்லாம் பாசத்தோட வருது. பலதுல மூடி ஒரு பிளாஸ்டிக் கொக்கிதான். கீழே விழுந்தா தனியா, பேட்டரி தனியா. வெளிநாட்டு இணையக் கடைகள்ல 3 டாலருக்கு வாங்குறதும், 2022-க்கு முன்னாடி செய்து இப்போ பழைய பொருளா கைமாறுறதும் இதே ரகம்தான்.

தாத்தா பாட்டியோட சொந்தச் சாமான்களும் இருக்கு. சர்க்கரை அளக்கிற மீட்டர், காது மிஷின், கைக்கடிகாரம். காது மிஷின் பேட்டரி துத்தநாக வகை, சுமார் 1.4 வோல்ட், சின்னது. லித்தியம் வில்லை அளவு ஆபத்து இல்ல. ஆனா மூக்குலயோ காதுலயோ போயிட்டா அதுவும் புண்ணாக்கும். அதை மாத்துறவங்க கட்டில் ஓரத்துல உட்கார்ந்து மாத்துவாங்க, பழையது மெத்தை மடிப்புல விழும். குறையாச் சொல்லல. அந்த வேலையைச் சாப்பாட்டு மேஜையில, ஒரு தட்டுக்கு மேல வச்சு செய்யச் சொன்னாப் போதும்.

சரி, சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. கையில ஒரு எவர்சில்வர் டப்பா எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி வாங்க. சமையலறைத் தராசு, கார் சாவி, கராஜ் ரிமோட், டிவி பெட்டியோட ஒல்லி ரிமோட், ஃபேன் ரிமோட், காய்ச்சல் பார்க்கிற கருவி, குளியலறை எடை மெஷின், புத்தகம் படிக்கிற கிளிப் விளக்கு, சைக்கிள் விளக்கு, பூஜை அறை. ஒவ்வொண்ணுலயும் உங்க கட்டைவிரல் நகத்தால மூடியைத் தள்ளிப் பாருங்க. திறந்துச்சுன்னா அது டப்பாவுக்குள்ள போகணும், டப்பா பூட்டுற அலமாரிக்குள்ள போகணும். ஸ்க்ரூ இருந்தா அது இருக்கா, இறுகியிருக்கான்னு பாருங்க. பேட்டரி மாத்தின அவசரத்துல ஸ்க்ரூவைத் தொலைச்சுட்டு டேப் ஒட்டி வச்சிருக்கிற ரிமோட் வீட்டுக்கு ஒண்ணு நிச்சயம் இருக்கும். டேப்பை ரெண்டு வயசுக் குழந்தை ஒரு விளையாட்டா உரிக்கும், அதை நம்பாதீங்க.

கொலு விஷயத்துல என் கருத்து நேரடியானது. கீழ் மூணு படியில பேட்டரி விளக்கு வேண்டாம். யுஎஸ்பி வயர்ல ஓடுற விளக்குச் சரம் வாங்கி மேல்படியில சுத்துங்க, வயரைப் பின்பக்கமா இறக்குங்க. பார்க்கவும் நல்லா இருக்கும், ஒன்பது நாளும் பேட்டரி மாத்துற வேலையும் மிச்சம். விருந்தாளிகள் வர்ற வீடு, அவங்க குழந்தைகளும் வருவாங்க. நம்ம குழந்தைக்குத் தெரிஞ்ச கட்டுப்பாடு அவங்களுக்குத் தெரியாது.

கழட்டின பேட்டரியை உடனே ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பால மூடுங்க. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினாப் பாதி வேலைதான். அப்புறம் எட்டாத உயரத்துல ஒரு கண்ணாடி ஜாடி. குப்பைத்தொட்டியில போடக் கூடாது, விக்டோரியாவுல 2019 ஜூலை 1 முதல் மின்கழிவை எந்தத் தொட்டியிலயும் போடத் தடை. கோல்ஸ், வூல்வொர்த்ஸ், ஆல்டி, பன்னிங்ஸ் கடைகள் பலதுல பி-சைக்கிள் பெட்டி வச்சிருக்காங்க. அரிசி வாங்கப் போற வழியில போட்டுடலாம்.

சந்தேகம் வந்தா

நாம பார்க்கும்போது குழந்தை முழுங்குறது அபூர்வம். யாரும் பார்க்காத நேரத்துலதான் நடக்கும். அப்புறம் எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், குமட்டும், மூச்சுல சத்தம் வரும், காய்ச்சல் அடிக்கும். மெல்பர்ன் குளிர்காலத்துல சைல்ட்கேர் போற எந்தக் குழந்தைக்குத்தான் இதெல்லாம் இல்ல? வழக்கமான சளின்னு தோணும். அதனாலதான் ஒரு விளக்குல பேட்டரி காணோம்னாலே, குழந்தை சிரிச்சு விளையாடிக்கிட்டு இருந்தாலும், அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூச்சு விடக் கஷ்டம், ரத்தம்னா நேரா 000. மத்தபடி உடனே விஷத் தகவல் மையம், 13 11 26. நாள் முழுக்க, வாரம் முழுக்க எடுப்பாங்க. எந்த அவசரப் பிரிவுக்குப் போகணும்னு அவங்க சொல்லுவாங்க. நமக்கு இது முக்கியம். வெரிபி பக்கத்துல இருக்கு, சன்ஷைன் கொஞ்சம் தள்ளி, பார்க்வில் குழந்தைகள் மருத்துவமனை இன்னும் தள்ளி. காலை 8 மணிக்கு பொயிண்ட் குக் ரோடு தாண்டி ஃப்ரீவே ஏறவே எவ்வளவு ஆகும்னு உங்களுக்குத் தெரியும். கையில இருக்கிறது 2 மணி நேரம். தவறான இடத்துக்குப் போய் மாத்தி அனுப்பப்படுறதுல அதுல பாதி போயிடும்.

வாந்தி எடுக்க வைக்காதீங்க. நீங்களா தண்ணி, பால், வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீங்க. தேன் பற்றி வாட்ஸப்ல வந்திருக்கும். அதுக்கு அடிப்படை இருக்கு. 2018-இல் அமெரிக்காவுல பன்றிக்குட்டிகள் வச்சு செய்த ஆய்வுல தேன் காயத்தைக் குறைச்சது. ஆனா ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடவே கூடாது, மத்தவங்களுக்கும் 13 11 26-இல் சொன்னா மட்டும், சொன்ன அளவு மட்டும். தேன் வாங்கக் கடைக்கு ஓடி நேரத்தை விடாதீங்க. அதே ரக விளக்கையோ பேட்டரி அட்டையையோ கூட எடுத்துட்டுப் போங்க, எண் தெரிஞ்சா டாக்டருக்கு வேலை எளிது. எக்ஸ்ரேல காசு ஒரே வட்டமாத் தெரியும். பேட்டரின்னா ஓரத்துல ரெட்டை வளையம் தெரியும். "காசுதான் முழுங்கியிருப்பான்"னு யாராவது சொன்னா, அந்த ரெட்டை வளையம் இல்லைன்னு பார்த்தாச்சான்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.

பகல்ல குழந்தை யார்கிட்ட இருக்கு? பல வீடுகள்ல பாட்டிகிட்ட. நாம சிட்டியில மீட்டிங்ல, போன் சைலன்ட்ல. அதனால ஃபிரிட்ஜ் கதவுல பெரிய எழுத்துல தமிழ்லேயே எழுதி ஒட்டுங்க: 000, 13 11 26, வீட்டு முகவரி, அப்புறம் இந்த ஒரு வரி, "சைல்ட் ஸ்வாலோட் பட்டன் பேட்டரி". இங்கிலீஷ்ல இந்த நாலு வார்த்தை சொன்னா எதிர்முனையில புரிஞ்சுக்குவாங்க. மொழிபெயர்ப்பாளர் சேவை எண் 13 14 50, தமிழ் கேட்கலாம். ஒருதடவை பாட்டியை உட்கார வச்சு, போனை டயல் பண்ணாம, ஒத்திகை பார்த்துடுங்க. "எனக்கு எதுக்குடா இதெல்லாம்"னு சொல்லுவாங்க. ரெண்டாவது தடவை அவங்களே முகவரியைச் சரியாச் சொல்லுவாங்க.

உங்க வீட்டு டப்பாவுல எத்தனை சேர்ந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல இ-ஸ்கூட்டரை கராஜ்ல இரவு முழுக்க சார்ஜ் போடலாமாங்கிற கேள்வியோட வர்றோம்.