அலுமாரி ஆங்கிலச் சொல்லா?



கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சிறு வழக்கொன்று நடந்தது. ஆங்கில மூலம் படிக்கும் எட்டு வயதுப் பேரன், "அம்மம்மா, அலுமாரி இல்லை, அல்மைரா. நீங்கள் இங்கிலீசைப் பிழையாகச் சொல்லுறீங்கள்" என்று திருத்தினான். தாயாரும் சிரித்துக்கொண்டு மகன் பக்கமே நின்றார். அம்மம்மா பதில் பேசவில்லை. ஆனால் அன்று முதல், வீட்டுக்கு யாரும் வந்தால் அவர் முன்போல் வாய்விட்டுக் கதைப்பதில்லை. எந்தச் சொல் பிழையாகுமோ என்ற பயம்.

இவ்வழக்கில் தீர்ப்பு முழுவதும் அம்மம்மாவுக்கே சாதகமானது. அலுமாரி ஆங்கிலத்தின் சிதைவு அன்று. 1505ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயரின் 'அர்மாரியோ' என்ற சொல்லே அது. இந்தியாவிலும் அச்சொல் பரவியிருந்தது. பின்னர் வந்த ஆங்கிலேயர் அங்குள்ளவர்கள் வாயிலிருந்து அதைக் கேட்டே 'அல்மைரா' என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். இங்கிலாந்தில் ஒரு தளபாடக் கடையில் போய் அல்மைரா கேட்டால், கடைக்காரர் திகைத்து நிற்பார். ஆகவே, இங்கே யார் யாருடைய சொல்லைப் பிழையாகச் சொல்கிறார்கள்?

விறாந்தையின் கதையும் இதுவே. 'வெராண்டா' என்பதை ஆங்கிலேயர் பிறந்த மண்ணிலிருந்து கொண்டுவரவில்லை. இந்தியாவுக்கு வந்த பின்பே கற்றனர். போர்த்துக்கேயரின் 'வராண்டா' நம் வீடுகளில் அதற்கு முன்பே விறாந்தையாகிவிட்டது.

ஒருமுறை உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மேசை, கதிரை, வாங்கு, யன்னல், குசினிக்குள் தாச்சி, கோப்பை, காலையில் வாங்கிய பாண், கொடியில் துவாய், லேஞ்சி, களிசான், வாசலில் சப்பாத்து, கொல்லையில் அலவாங்கு. இவை யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். ஆனால் கந்தோருக்குப் போனால் காற்று மாறும். கந்தோர், நொத்தாரிசு, வங்குறோத்து ஆகியவை ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. மேசையின் லாச்சியும் கறிக்கு வாங்கும் போஞ்சியும் அவர்களுடையவையே. பெயர் சொல்லக் கூச்சமான அந்தச் சிறிய அறைக்குத் தமிழ்நாட்டிலும் இங்கும் வழங்கும் 'கக்கூசு' என்ற பெயரும் சுத்தமான ஒல்லாந்தச் சொல்தான். அதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள் ஒரு மொழியும் கந்தோரில் இன்னொரு மொழியும் தங்கியது ஏன்? ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தனர். 1796 வரை ஆண்டனர். சட்டமும் பத்திரமும் கணக்கும் அவர்கள் மொழியில் நடந்தன. ஆனால் வீட்டுப் பேச்சை அவர்களால் வெல்ல முடியவில்லை. பணிப்பெண்களும் பிள்ளை வளர்க்கும் தாதிகளும் பேசிய கொச்சைப் போர்த்துக்கேயத்தை ஒல்லாந்தர் பிள்ளைகளே மடியிலிருந்து கற்றுக்கொண்டனர். அரசு தடுத்துப் பார்த்தும் பயனில்லை.

எம் மக்களுக்கு அக்காலம் வேறு விதத்திலும் சோதனைக் காலம். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர், கோவில்கள் பறிபோயின. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை பல இடங்களில் பூசை காண வழியில்லை. இவரையே 2015இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார். குரு இல்லாத அந்த ஆண்டுகளிலும் 'நத்தார்' என்ற சொல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. போர்த்துக்கேயரின் 'நத்தால்' அது, பொருள் பிறப்பு. 'சிலுவை'யோ இன்னும் பழையது. சிரிய மொழியிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் நமது கதிரையைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. "நாற்காலி என்ற நல்ல தமிழ் இருக்க, இது என்ன?" என்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் கதவைப் பூட்டுவது 'சாவி'யால். அது போர்த்துக்கேயரின் 'ஷாவி'. நாம் பூட்டுவதும் திறப்பதும் 'திறப்பு' என்ற தனித்தமிழால்.

பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தையும் கேட்டுப் பாருங்கள். மேசய, அல்மாரிய, லாச்சுவ, லேன்சுவ, கந்தோருவ, பான், போஞ்சி, நத்தல். மொழியின் பேரால் இந்நாடு 1956 முதல் பட்ட பாட்டை நாம் அறிவோம். 1983 ஜூலையில் இந்தக் கொழும்புத் தெருக்களிலே ஒரு சொல்லை உச்சரிக்கும் விதம் கூட உயிருக்கு ஆபத்தானது. அப்போதும் இரு வீட்டுக் குசினிகளிலும் பாண் பாணாகவே இருந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ்சில் போகும்போதும் இந்த விளையாட்டு நடக்கிறது. அருகேயுள்ள கிராண்ட்பாஸ் ஆங்கிலம் போலத் தோன்றும். அது களனி ஆற்றின் பெரிய துறையைக் குறித்த போர்த்துக்கேயப் பெயர். நீதிமன்றங்கள் நிற்கும் ஹல்ஸ்டோர்ப், 1656 முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹூல்ப்டின் கிராமம். தமிழர் அதைப் புதுக்கடை என்றே சொல்லிவிட்டனர். எனக்கும் அதுவே பிடிக்கும். பம்பலப்பிட்டியை அடுத்த மிலாகிரிய, அற்புதங்களின் அன்னைக்குப் போர்த்துக்கேயர் எழுப்பிய ஆலயத்தின் நினைவு. 'மிலாக்ரி' என்றால் அற்புதம்.

கடன் வாங்கியது நாம் மட்டுமல்ல. கட்டுமரமும் சுருட்டும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை. மாங்காய், போர்த்துக்கேயர் வாயில் 'மாங்கா'வாகி 'மேங்கோ'வானது. மாணிக்கமும் நீலமும் சேர்ந்த கனிய இனத்துக்கு விஞ்ஞானிகள் சூட்டிய 'கொரண்டம்' என்ற பெயர் நமது குருந்தம். தென் அமெரிக்கக் காட்டுப் பாம்பான அனகொண்டாவின் பெயர் முதலில் இலங்கைப் பாம்பொன்றுக்கே வழங்கியது. அது சிங்களத்து 'ஹெனகந்தயா' என்பார் சிலர்; தமிழின் 'ஆனைக்கொன்றான்' என்பார் வேறு சிலர். பாம்புக்குக் கூட நாம் உரிமைப் போட்டி நடத்துகிறோம்!

எதிர்பாராமல் கிட்டும் நல்ல கண்டுபிடிப்பைக் குறிக்கும் 'செரண்டிப்பிட்டி' என்ற சொல், அராபியர் இத்தீவுக்கு இட்ட 'செரண்டிப்' என்ற பெயரைக் கொண்டு ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754 ஜனவரி 28இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஆக்கியது.

அம்மம்மாமாருக்கு ஒரு யோசனை. அடுத்த முறை பேரன் உங்களைத் திருத்த வந்தால், பெரிய ஹோட்டல்களின் உணவுப் பட்டியலில் காணும் 'மலிகடோனி' சூப் என்றால் என்னவென்று கேளுங்கள். புத்தகத்தைப் புரட்டட்டும். தடிமன் பிடித்தபோது நீங்கள் அவனுக்கு வைத்துக் கொடுத்த மிளகுத் தண்ணீர்தான் அது.