இருகருவா, நாற்கருவா?

செயலியே கணினியில் கணக்கிடும் உறுப்பு. அதனுள் தனித்தனியே பணியாற்றவல்ல பகுதியைக் கரு என்பர். கடைக்காரர் அதனைக் 'கோர்' என்பார். நாற்கருச் செயலி இருகருச் செயலியைவிட இருமடங்கு விரைவாக இயங்குமா? எப்போதும் இயங்காது. திருமண வீட்டில் நால்வர் அமர்ந்தால் காய் நறுக்கும் வேலை விரைவில் முடியும். ஒரு பானைச் சோறு வேகும் நேரத்தை அந்நால்வராலும் குறைக்க இயலாது. விளையாட்டு மென்பொருளிலும் இவ்விருவகைப் பணிகளும் உண்டு. எனினும் இக்கால விளையாட்டுகள் பணியைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றன. அவற்றுக்கு இருகரு போதாது.

தில்லி நேரு பிளேஸ் போன்ற சந்தைகளில் பழைய மடிக்கணினி தேடுவோர் 'ஐ7' என்னும் ஒட்டுத்தாளைக் கண்டே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதுண்டு. இன்டெல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐ7-7500யு இருகரு உடையது. 15 வாட் அளவிற்கு வடிவமைக்கப்பட்டது. 2017இல் வந்த ஐ7-7700எச்கியூ நாற்கரு உடையது; அதன் அளவு 45 வாட். ஒட்டுத்தாளில் இரண்டும் ஐ7 தான்! இறுதி எழுத்தே உண்மையைச் சொல்லும். விளையாட்டுக்கு உரியது பின்னதே. ஆனால் அது மிகுந்த வெப்பம் உமிழும். பெரிய விசிறி வேண்டும். மின்கலமும் விரைவில் தீரும். காட்சிகளைத் தீட்டும் வரைகலைச் செயலி வலுவற்றதாயின் நாற்கருவாலும் பயனில்லை, அதனையும் கேட்டறிக.

பயிற்சி
1. பிரித்து எழுதுக: நாற்கரு, இருகரு.
2. சோற்றுப் பானை எவ்வகைப் பணிக்கு உவமை?
3. உம் வீட்டுக் கணினிச் செயலியின் முழுப்பெயரைக் கண்டு எழுதுக.